சுவரில் நிற்கும் சொல்: பொறிப்பும் ஆணையும்

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலையில் அன்றாடம் பயணம் செய்வோர் நம் வட்டத்தில் பலர் உள்ளனர். அவர்களுள் எத்துணைப் பேர் வழியிலுள்ள அரசுப் பலகைகளைப் படித்திருப்பர் என்பது ஐயத்திற்குரியது. மாநில அரசின் அலுவலகமாயின், கோபுரமும் சிங்கத்தலைகளும் பொறித்த முத்திரையில் "வாய்மையே வெல்லும்" என்னும் தொடர் தமிழெழுத்தில் இருக்கும். படைத்துறைப் பணியிடங்களும் குடியிருப்புகளும் சூழ்ந்த ஆவடிப் பகுதியில் மத்திய அரசு முத்திரை தாங்கிய பலகையைக் காணின், அதே சிங்கங்களின் அடியில் "சத்யமேவ ஜயதே" என்பது தேவநாகரி எழுத்தில் இருக்கும். இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு சில கிலோமீட்டர். பொருள் ஏறத்தாழ ஒன்று. ஆயின் இவ்விரு பொறிப்புகளும் சுவருக்கு வந்த வரலாறுகள் வேறு. அவ்வரலாற்றைச் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலையின் வெள்ளி விழா 2024 டிசம்பர் இறுதியிலும் 2025 சனவரி முதல் நாளிலும் நடைபெற்றபோது, அரசு அலுவலகங்களில் எழுதப்படுவதுபோல் தனியார் நிறுவனங்களிலும் குறளும் உரையும் எழுதிவைக்க ஊக்கமளிக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். இதனை வரவேற்றுப் பேசிய நம் மாதக் கூட்டத்தில், ஊக்கமளித்தல் போதாது, சட்டமே வேண்டும், எழுதாத நிறுவனத்திற்குத் தண்டம் விதித்தல் வேண்டும் என்று ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டது. கைதட்டலும் பலமாகவே எழுந்தது. வரைவை எழுதித்தரும் பொறுப்பு, தமிழ்ப் பேராசிரியை என்னும் காரணத்தால், என்னிடம் வந்து சேர்ந்தது. "தண்டம்" என்ற சொல்லருகே வந்ததும் பேனா நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதை எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

பொதுவிடத்துச் சுவரில் எழுதும் வழக்கம் நமக்குப் புதிதன்று. உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் மண்டபச் சுவரில் முதற்பராந்தகன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகள் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டன. ஊர்ச்சபை கூடுமிடத்தின் சுவரே அவ்வூரின் சட்டநூலாகவும் இருந்தது. தொலைவில் தேடவேண்டுவதில்லை, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலிலும் சோழர் கல்வெட்டுகள் உள்ளன. மாணவியரை அழைத்துச் சென்று அவ்வகை எழுத்துகளைத் தடவிக் காட்டியிருக்கிறேன். கல்வெட்டு படிப்போர் அறிந்த ஒரு செய்தி உண்டு. கொடை இன்னது, எல்லை இன்னது, ஆடு இத்தனை, நெய் இவ்வளவு என்று கணக்கெழுதி வந்த கல், முடிவில் திடீரென்று குரலை மாற்றிக்கொள்ளும். அறத்தை மறக்க வேண்டா, அதுவன்றித் துணையில்லை என்ற பொருளில் ஒரு வாசகம் வரும். அல்லது இதனை அழிப்பவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்று வரும்; காப்பவனின் பாதம் என் தலைமேலன என்றும் சில இடங்களில் வரும். கணக்கு மொழிக்குக் காவலாக வந்து நிற்பது வேண்டுகோளும் சாபமும்.

அரசனிடம் படையும் இருந்தது, தண்டம் விதிக்கும் உரிமையும் இருந்தது. கல்வெட்டுகளில் தண்டத் தொகை குறிக்கப்பட்ட இடங்களும் உள. அவை பெரும்பாலும் கடமை தவறிய அலுவலரையும் கொடையைச் சிதைத்தவரையும் குறித்தவை. சுவரிலுள்ள அறவாசகத்தைத் தன் வீட்டுத் திண்ணையிலும் எழுதிவைக்காதவனுக்குத் தண்டம் என்று ஒரு கல்லும் சொல்ல நான் கண்டதில்லை.

இனி நம் காலத்திற்கு வருவோம். மாநில முத்திரையின் கதையே சுவையானது. விடுதலைக்குப் பின் சென்னை மாகாணத்திற்கு ஒரு முத்திரை வேண்டியிருந்தது. ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் 1949-இல் வரைந்தளித்தார். நடுவில் கோயிற் கோபுரம். அது திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பதே பெரும்பான்மையோர் கொள்கை, இரசிகமணி டி.கே.சி. இதற்குத் தூண்டுதலாக இருந்தார் என்பர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக்கோபுரத்தையே மாதிரியாகக் கொண்டதாக ஓவியர் பிற்காலத்தில் கூறினார் என்ற செய்தியும் உண்டு. கோபுரம் எதுவாயினும் வினா ஒன்றே: எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான ஓர் அரசு, ஒரு சமயத்தின் கோயிலைத் தன் முத்திரையில் வைக்கலாமா? கோபுரம் இந்நாட்டுக் கட்டடக்கலையின் அடையாளம் என்பது விடையாகக் கூறப்பட்டது. விடை எல்லார்க்கும் நிறைவளித்ததா என்பது வேறு. ஆயினும் கோபுரம் நின்றது. கடவுள் மறுப்பைப் பேசி வளர்ந்த இயக்கத்தினர் 1967-இல் ஆட்சிக்கு வந்த பின்னரும் அது நின்றது. கோபுரத்தை விட்டுவிட்டு அவர்கள் மாற்றியது சொல்லை.

அண்ணா முதலமைச்சராக இருந்த அந்த ஈராண்டுக் காலத்தில் அரசின் சுவர்கள் மாறிய விரைவு வியப்பளிப்பது. 1967 ஏப்ரலில் கோட்டையின் முகப்பில் "தமிழக அரசு தலைமைச் செயலகம்" என்னும் தமிழ்ப்பலகை ஏறியது. "ஸ்ரீ, ஸ்ரீமதி" மறைந்து "திரு, திருமதி" வந்தன. "சத்யமேவ ஜயதே" இருந்த இடத்தில் "வாய்மையே வெல்லும்" அமர்ந்தது. அதே 1967-இல் வள்ளுவர் படம் அரசு அலுவலகங்கள் அனைத்திலும் இடம்பெற ஆணை பிறந்தது. அப்படம் கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்தது; காங்கிரசு ஆட்சியிலேயே 1964-இல், அந்நாளைய குடியரசுத் துணைத் தலைவர் சாகிர் உசேனைக் கொண்டு சட்டமன்றத்தில் திறந்துவைக்கப்பெற்றது. நெற்றியில் எச்சமயக் குறியுமின்றி வெண்ணிற ஆடையுடன் ஓவியர் அவரை அமர்த்தியதே, எல்லாக் கட்சியாரும் அவரை ஏற்கத் துணைசெய்தது. அந்நெற்றியின் வெறுமை எத்துணை அரியது என்பது 2019 நவம்பரில் நமக்கு விளங்கிற்று. காவியுடையும் திருநீறும் அணிந்த வள்ளுவர் படம் ஒரு கட்சியின் சார்பில் வெளிவந்தபோது எழுந்த கொந்தளிப்பை மறந்திருக்கமாட்டோம்.

பேருந்துகளுக்குள் குறள் புகுந்ததும் அக்காலத்தில்தான். பொதுப்பணி, போக்குவரத்துத் துறைகளை அன்று ஏற்றிருந்த மு. கருணாநிதியின் ஏற்பாடு அது என்பர். பூவிருந்தவல்லிப் பேருந்தில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், நெரிசலில் கம்பியைப் பற்றி நின்றவாறு குறள் படித்த தலைமுறை என்னுடையது. பாடநூலில் இடம்பெறாத குறட்பாக்களை முதன்முதலில் அங்கேதான் கண்டேன். தேர்வுக்காகப் படிக்காத ஒன்றைப் படிக்கும் இன்பத்தை அந்தத் தகரப்பலகை எனக்குக் கற்பித்தது. இதனைச் சொல்லாவிடின் என்னை இத்தீர்மானத்தின் பகைவி என்று எண்ணிவிடுவீர்கள்.

ஒருபுறம் ஏற்றிய அரசு மறுபுறம் இறக்கவும் செய்தது. அரசு அலுவலகங்களில் கடவுளர் படங்களை வைத்தல் கூடாது, உள்ளவற்றைப் படிப்படியாக அகற்றுதல் வேண்டும் என்னும் ஆணை 1968-இல் வந்தது. சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டம் அன்று அது. நிருவாக அறிவுறுத்தல் மட்டுமே. அரை நூற்றாண்டு கடந்தும் அது திரும்பப் பெறப்படவில்லை. முற்றும் நடைமுறைக்கு வரவுமில்லை. ஆயுதபூசையன்று ஏதேனும் ஓர் அலுவலகத்திற்குள் சென்று பார்த்தால் போதும். கோப்பு அலமாரிக்குச் சந்தனப் பொட்டு, கணிப்பொறிக்கு மாலை, வாயிலில் உடைத்த பூசணி. மேசைக் கண்ணாடியின் அடியில் முருகனோ மாதாவோ மக்காவோ இருக்கும். யாரும் யாரையும் பிடித்துக்கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆணையை இட்டவர்களும் இதனை அறிந்தே "படிப்படியாக" என்ற சொல்லைப் பெய்தனர் போலும். அந்த ஒரு சொல்லில் அரசியல் பட்டறிவு முழுதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றும்.

மத்திய அரசின் பொறிப்பு இத்தகைய நெகிழ்வு உடையதன்று. அசோகத் தூணின் சிங்கத்தலை 1950 சனவரி 26-இல் நாட்டின் முத்திரையாயிற்று. அதன் அடியிலுள்ள தொடர் முண்டக உபநிடதத்தினின்றும் எடுக்கப்பெற்றது. முத்திரையின் தகாப் பயன்பாட்டைத் தடுக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தொடரையும், அது தேவநாகரியில் இருத்தலையும், முத்திரையின் உறுப்பாகவே வரையறுக்கிறது. மீறினால் ஈராண்டு வரை சிறையோ ஐயாயிரம் உரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். எனினும் இச்சட்டமும் தகாதார் பயன்படுத்துவதைத்தான் தடுக்கிறது. நீ பயன்படுத்தியே ஆகவேண்டும் என்று குடிமகனை அது வற்புறுத்தவில்லை.

தமிழ் மாணவி என்ற முறையில் இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சி செய்ய விழைகிறேன், பொறுத்தருள்க. "சத்தியம்" என்பதற்கு "உண்மை" என்றே பெயர்த்திருக்கலாம். "மெய்" என்றிருக்கலாம். தேர்ந்தது "வாய்மை". உள்ளத்தது உண்மை, வாயினது வாய்மை, உடம்பினது மெய்ம்மை என்று நம் ஆசிரியர்கள் பிரித்துச் சொல்வதை அனைவரும் கேட்டிருப்போம். உபநிடதம் சொல்லும் சத்தியம் வேள்வியும் தவமும் கடந்து சென்றடையும் பரம்பொருளை நோக்கியது. வாய்மையோ இரண்டு மனிதர்க்கிடையே நிகழ்வது. ஒருவர் சொல்ல மற்றொருவர் கேட்க வேண்டும். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே, முப்பதாவது அதிகாரம், வகுத்தார். அதன் முதற்குறள் தரும் இலக்கணம் புதுமையானது. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு சொல்லுதல் வாய்மை என அவர் கூறவில்லை. பிறர்க்குச் சிறிதும் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்றார். மொழிபெயர்ப்பு என்று நாம் கருதும் அம்முத்திரைத் தொடர் வேறொரு கருத்தையே சுவரில் ஏற்றிவிட்டது. 1967-இல் அதைத் தேர்ந்தோர் இதை எண்ணித் தேர்ந்தனரா என்பது கிடக்கட்டும். நாம் இன்று படிக்கும்போது எண்ணலாமன்றோ?

படித்தல் என்றதும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தில் சில காலம் பணியாற்றினேன். வாயிலில் கரும்பலகை, நாள்தோறும் ஒரு குறளும் உரையும் எழுதவேண்டும் என்பது விதி. விதி இருந்தமையால் எழுதப்பட்டது. ஒருமுறை, எழுதியவர் விடுப்பில் சென்றார்போலும், ஒரே குறள் வாரக்கணக்கில் நின்றது. அதிலும் ஓரெழுத்து விடுபட்டு, அறிவுரை நேர்மாறாகிவிட்டிருந்தது. செய்யாதே என்றது செய் என்றாகி நின்றது. முதல்வர் முதல் கடைநிலை ஊழியர் வரை அதனைக் கடந்து நடந்தோம். முனைவர் பட்டம் பெற்ற நானும் நாளுக்கு இருமுறை கடந்து நடந்தேன். தேநீர் கொண்டுவரும் சிறுவன் ஒருநாள், "அம்மா, அதுல ஒரு எழுத்து விட்டுப்போச்சே, யாரும் பார்க்கலியா?" என்றான். அன்று எனக்கு ஏற்பட்ட நாணம் இன்றும் தீரவில்லை. பேருந்துப் பலகையை உந்தி உந்திப் படித்த நானேதான் இப்பலகையைப் பாராமல் நடந்தவளும். முன்னதை எனக்கு யாரும் விதிக்கவில்லை.

அண்மை ஆண்டுகளில் நீதிமன்றங்களும் இவ்வினாவினுள் இழுக்கப்பட்டன. 2017 சூலையில் சென்னை உயர் நீதிமன்றத்து நீதியரசர் எம்.வி. முரளிதரன் அளித்த தீர்ப்பு, வந்தே மாதரம் பாடலைக் கல்வி நிலையங்களில் வாரம் ஒருமுறையும் அரசு அலுவலகங்களிலும் தனியார் நிறுவனங்களிலும் தொழிற்சாலைகளிலும் மாதம் ஒருமுறையும் பாடவேண்டும் என்றது. வழக்கு தொடங்கியதோ ஆசிரியர் தேர்வின் ஒரு மதிப்பெண்ணில். அப்பாடல் முதலில் எம்மொழியில் எழுதப்பட்டது என்ற வினாவிற்கு வங்காளம் என விடையெழுதி ஒரு மதிப்பெண் இழந்தவர் முறையிட்டார். அவர் கேட்டது மதிப்பெண். நாட்டுக்குக் கிடைத்தது ஆணை. தக்க காரணம் உடையோரைக் கட்டாயப்படுத்தலாகாது என்றும் அத்தீர்ப்பு சேர்த்தது. 1960-களில் உருவான நம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் கடைசல் பட்டறைகளில் அப்பாடலை யாரும் பாடி நான் கேட்டதில்லை. திரையரங்குகளில் நாட்டுப்பண் கட்டாயம் என்று 2016 நவம்பரில் ஆணையிட்ட உச்ச நீதிமன்றமே 2018 சனவரியில் அக்கட்டாயத்தை நீக்கியதும் நினைவுகூரத்தக்கது. அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்னர், 1986-இல், நாட்டுப்பண் ஒலிக்கையில் எழுந்து நின்றும் தம் சமய நம்பிக்கையால் பாடாதிருந்த கேரளப் பள்ளிப் பிள்ளைகள் மூவரை வெளியேற்றியது தவறென அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்பெழுதியவர் நீதியரசர் ஓ. சின்னப்ப ரெட்டி. எழுந்து நிற்றலே மரியாதை, பாடாமை அவமதிப்பாகாது என்ற அத்தெளிவு இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது.

நமக்கு நெருங்கிய செய்தி தமிழ்த்தாய் வாழ்த்து. மனோன்மணீயத்துப் பாயிரப் பகுதி 1970-இல் அரசு விழாக்களின் வாழ்த்துப்பாடலாயிற்று. அதற்கு எழுந்து நிற்கவேண்டும் என்னும் சட்டமோ ஆணையோ இல்லை என்று 2021 டிசம்பரில் நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன் கூறினார். அம்மாதம் 17-ஆம் நாளிலேயே அதனை மாநிலப் பாடலாக அறிவித்து, மாற்றுத்திறனாளிகள் நீங்கலாக அனைவரும் எழுந்து நிற்கவேண்டும் என்ற அரசாணை வந்தது. மகிழ்ந்தோருள் நானும் ஒருத்தி, அதனை மறைக்கமாட்டேன். ஆயினும் அரசாணைக்கு முந்திய ஐம்பதாண்டுகள் என்ன ஆயின என்று எண்ணிப் பார்க்கிறேன். நம் கூட்டங்களில் அதற்கு எழாதவர் யாரேனும் இருந்தனரா? மூட்டுவலியால் எழவியலாத முதிய புலவர் ஒருவர், நாற்காலியில் அமர்ந்தபடியே கைகூப்பியிருப்பதைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

யாருடைய படம் சுவரில் இருக்கலாம் என்ற வினாவும் ஓயவில்லை. 2023 சூலையில், நீதிமன்ற வளாகங்களில் காந்தியடிகள், திருவள்ளுவர் ஆகியோர் படங்களும் சிலைகளும் அன்றி வேறு எவையும் கூடா என உயர் நீதிமன்றப் பதிவாளர் சுற்றறிக்கை விடுத்தார். அம்பேத்கர் படத்தை வைக்க வழக்கறிஞர் சங்கங்கள் விடுத்த வேண்டுகோள்களைத் தொடர்ந்து வந்தது அது. அரசமைப்பை வரைந்தவருக்கு அரசமைப்பைக் காக்கும் மன்றத்தில் இடமில்லையா என்ற கேள்வி மாநிலமெங்கும் எழுந்தது. சட்ட அமைச்சர் தலைமை நீதிபதியைக் கண்டு பேசிய பின், இருக்கும் படங்கள் அகற்றப்படா என்ற உறுதி கிடைத்தது. வள்ளுவருக்கு அப்பட்டியலில் இடம் கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சி. ஆனால் பட்டியலில் இடம்பெறுதல் வேறு, பிறர்மீது கதவடைக்கும் பட்டியலுக்குப் பெயர் தருதல் வேறு. இரண்டாவது நிலையில் வள்ளுவரைக் காண எனக்கு உள்ளம் ஒப்பவில்லை.

கடல் கடந்த ஒரு செய்தியையும் சொல்லவேண்டும். அமெரிக்க நாட்டில் "கடவுளை நம்புகிறோம்" என்னும் பொருளுடைய தொடர் 1864-இல் காசில் ஏறி 1956-இல் நாட்டின் முழக்கத் தொடராயிற்று. அதனைப் பள்ளிச் சுவர்களில் வைக்கவேண்டும் எனப் பல மாநிலங்கள் அண்மையில் சட்டமியற்றியுள்ளன. டெக்சாசு மாநிலத்தில் 2021-இல் வந்த சட்டப்படி, அத்தொடர் எழுதிய தட்டியை யாரேனும் நன்கொடையாக அளித்தால் பள்ளி அதனைக் காட்சிக்கு வைத்தல் வேண்டும். மறு ஆண்டில் ஒருவர் அதே தொடரை அரபு எழுத்தில் எழுதிக் கொண்டுவந்தார். சவுத்லேக் என்னும் ஊரின் பள்ளி வாரியம் அதனை ஏற்கவில்லை. தொடரின் பொருள் மாறவில்லை, எழுத்தே மாறியது. ஆவடிச் சாலையில் இரண்டு எழுத்துகளில் ஒரே பொருளைப் படித்துச் செல்லும் நமக்கு அச்செய்தி புதிராகத் தோன்றாது. வாசகத்தைக் காக்கவென்று வந்த சட்டம் உண்மையில் காத்தது யாருடைய எழுத்தை என்பது அங்கே ஒரு நொடியில் வெளிப்பட்டது.

தனியார் சுவரில் அரசு கைவைத்தலே கூடாது என்று நான் வாதிடவில்லை. கடைப்பெயர்ப் பலகைகளில் தமிழ் முதன்மையாக இருக்கவேண்டும் என்னும் விதி நம் மாநிலத்தில் நெடுநாளாக உள்ளது. தமிழ், ஆங்கிலம், பிறமொழி என்ற வரிசையில் ஐந்துக்கு மூன்றுக்கு இரண்டு என்ற அளவும் சொல்லப்பட்டுள்ளது. அவ்விதியை நான் முழுமனத்துடன் ஆதரிக்கிறேன். ஆங்கிலம் அறியாத தாய் ஒருத்தி மருந்துக்கடையைக் கண்டறிய அது வேண்டும். வாடிக்கையாளரின் உரிமை அது. குறட்பலகை அத்தகையதன்று. அது ஒருவர் மற்றொருவர்க்குச் சொல்லும் அறிவுரை. தண்டத்திற்கு அஞ்சித் தொங்கவிடப்பட்ட பலகையில், இன்சொல்லைப் பற்றிய குறளை, ஊழியரை ஒருமையில் விளிக்கும் முதலாளி எழுதிவைத்திருப்பார். அதன் கீழே நின்று வசையைக் கேட்கும் இளைஞனுக்கு வள்ளுவர் யாராகத் தோன்றுவார்? நம் தீர்மானத்தை முன்மொழிந்த கவிஞர், எனக்கு அண்ணன் முறையாகப் பழகுபவர், இதனைக் கேட்டதும், "அப்படியானால் யாரும் எழுதமாட்டார்கள், அம்மா" என்றார். சிலர் எழுதமாட்டார்கள்தான். வள்ளுவர் கோட்டத்தில் 1330 குறளும் கல்லில் உள்ளன. அவற்றைப் படிக்கச் செல்வோரும் சிலரே. அச்சிலர்க்காகவே கல் அங்கிருக்கிறது என்றேன். அவர் ஏற்கவில்லை. தொகையைக் குறைத்துவிடலாம், நூறு உரூபாய் போதும் என்று இறங்கி வந்தார்.

வரைவை எழுதி முடித்துவிட்டேன். அரசு அலுவலகங்களில் நாள்தோறும் குறள் பிழையின்றி எழுதப்படுகிறதா எனத் தமிழறிந்த ஒருவர் பார்வையிடல் வேண்டும். பேருந்துகளில் மங்கிப்போன பலகைகளைப் புதுப்பித்தல் வேண்டும். விரும்பிக் கேட்கும் தனியார் நிறுவனத்திற்கு நம் வட்டமே பலகை எழுதித் தருதல் வேண்டும் என மூன்று கோரிக்கைகள் அதில் உள்ளன. தண்டம் பற்றிய நான்காம் பத்தியை நான் எழுதவில்லை. அவ்விடத்தை வெற்றிடமாகவே விட்டிருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் அண்ணன் அதனைத் தம் கையால் நிரப்பிக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். வாக்கெடுப்பு நிகழுமாயின் நான் எதிர்த்து வாக்களிப்பேன்.